ஜெர்மன் மொழியில் மரியாதையாகப் பேசுவது எப்படி: கற்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ‘ஸீ’ என்றால் நீங்கள், ‘டூ’ என்றால் நீ என்று எல்லோரும் தெரிந்துகொள்கிறார்கள். மரியாதைப் பாடம் அதோடு முடிந்தது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். தமிழில் ‘சொல்லுங்க’, ‘குடுங்க’ என்று பேசினாலே பெரும்பாலும் போதும், மரியாதை வினையில் ஏறிவிடும். ஜெர்மனில் ‘ஸீ’ சரியாகப் போட்டுவிட்டு, கேட்கும் வாக்கியத்தை அதட்டலாக அமைத்தால் அது அதட்டலாகவே கேட்கும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்களைப் பார்த்துப் பார்த்து அமைத்த வரிசை இது. ஏ1 என்ற தொடக்க நிலையை முடித்தவர்கள், மேற்படிப்புக்கோ நர்ஸ் வேலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ ஜெர்மனி போகத் தயாராகிறவர்கள், போய்ச் சேர்ந்து சில மாதமே ஆனவர்கள் ஆகியோருக்காக எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் படியுங்கள். ஒரு படி அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், ‘ஸீ’க்கான வினை வடிவம் தடுமாறாமல் வாயில் வர வேண்டும். ‘அவள்’, ‘அவர்கள்’, ‘நீங்கள்’ மூன்றுக்கும் ஜெர்மனில் ஒரே ஒலிதான்: ஸீ. ‘அவள்’ என்பதை வினை பிரித்துக் காட்டிவிடும்; ‘அவர்கள்’, ‘நீங்கள்’ இரண்டுக்கும் வினை ஒன்றே, சூழல்தான் காட்டும். ‘ஹாபென் ஸீ ட்ஸைட்?’ என்றால் ‘உங்களுக்கு நேரம் இருக்கிறதா?’ என்று அர்த்தம். ‘ஹாட் ஸீ ட்ஸைட்?’ என்றால் ‘அவளுக்கு நேரம் இருக்கிறதா?’ எதிரில் நிற்பவரிடம் இரண்டாவதைக் கேட்டால் அவர் திரும்பிப் பார்த்து யாரைத் தேடுகிறீர்கள் என்று குழம்புவார்.

அடுத்தது, ‘ஸீ’யின் குடும்பம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். ‘உங்களுக்கு’ என்பது ‘ஈனென்’, ‘உங்கள்’ என்பது ‘ஈர்’. ‘டூ’வின் குடும்பம் வேறு: ‘டியர்’, ‘டைன்’. வாக்கியத்தை ‘ஸீ’யில் தொடங்கி ‘டைன்’ என்று முடிப்பதுதான் நான் அதிகம் கேட்கும் பிழை. ‘நீங்க உன் பேனாவைக் குடுக்க முடியுமா’ என்பது நம் காதில் எப்படி விழுமோ, அப்படித்தான் அவர்கள் காதிலும் விழும்.

மூன்றாவது, உங்கள் சொந்தப் பட்டியல். அடுத்த மாதம் நீங்கள் ஜெர்மனில் பேசப்போகும் இடங்களை எழுதுங்கள்: பேக்கரி, டாக்டர் கிளினிக், குடியேற்ற அலுவலகம், வீட்டு உரிமையாளர், வேலையிடம். கீழே வரும் ஒவ்வொரு அச்சு (மாதிரி) வாக்கியத்தையும் அந்த இடங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். பொதுவாக மனப்பாடம் செய்த வாக்கியம் தேவைப்படும் நேரத்தில் வராது.

2. முதலில் மூன்று ஒலிகள்

மரியாதைக்கும் உச்சரிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஜெர்மனில் பணிவாகக் கேட்கும் வினைகள் பெரும்பாலும் தலையில் இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகளில்தான் நிற்கின்றன. புள்ளியின் ஒலி போனால் பணிவும் போய்விடும். எஞ்சுவது இறந்தகாலம்.

‘க்யொன்ட்டென் ஸீ’ என்றால் ‘உங்களால் முடியுமா’ என்ற பணிவான கேள்வி. அதையே ‘கொன்ட்டென் ஸீ’ என்று சொன்னால் ‘உங்களால் முடிந்ததா’ என்று முடிந்துபோன கதையைக் கேட்பதாகிவிடும். ‘இஷ் ஹெட்டெ கெர்ன்’ என்றால் ‘எனக்கு வேண்டும்’ என்பதன் மென்மையான வடிவம். ‘ஹட்டெ’ என்றால் ‘என்னிடம் இருந்தது’. ‘வ்யுர்டென்’, ‘வுர்டென்’ ஜோடியும் இப்படித்தான்.

இந்தக் கட்டுரையில் ‘யு’, ‘யூ’ சேர்த்து எழுதிய இடங்களில் (வ்யுர்டெ, ட்யுர்ஃப்டெ போல) வர வேண்டிய ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் ‘ஊ’ சொல்வதுபோலக் குவியுங்கள். அந்த ஒலிதான். ‘யொ’, ‘யோ’ சேர்த்து எழுதிய இடங்களில் ‘ஏ’ சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஓ’வுக்குக் குவியுங்கள். மூன்றாவது ஒலி ‘ஹெட்டெ’யில் வரும் ‘எ’. அது நமக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

கண்ணாடி முன் நின்று ‘கொன்ட்டென் – க்யொன்ட்டென்’, ‘ஹட்டெ – ஹெட்டெ’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். உதடு குவிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், காதை மட்டும் நம்பினால் முதலில் ஏமாற்றும். போனில் பதிவு செய்து கேட்டால் இன்னும் நல்லது. இதைச் சரி செய்யாமல் ஆறாவது படிக்குப் போகாதீர்கள்.

3. முதலில் வணக்கம், பிறகு வேலை

நம் ஊர் கடையில் நேராகப் போய் ‘அண்ணே, ரெண்டு பால் பாக்கெட்’ என்றால் தப்பே இல்லை, அந்த ‘அண்ணே’யே வணக்கம்தான். ஜெர்மனியில் வணக்கம் சொல்லாமல் தேவையைச் சொன்னால், பின்னால் எத்தனை ‘பிட்டெ’ (தயவுசெய்து) போட்டாலும் தொடக்கத்தில் விழுந்த கீறல் மறையாது.

காலையில் ‘கூட்டென் மோர்கென்’, பகலில் ‘கூட்டென் டாக்’, மாலையில் ‘கூட்டென் ஆபென்ட்’. ‘ஹலோ’ பெரும்பாலான கடைகளில் ஏற்கத்தக்கது. அரசு அலுவலகத்தில் ‘கூட்டென் டாக்’ பாதுகாப்பானது. பவேரியாவில் ‘க்ர்யூஸ் கோட்’ என்பார்கள், வடக்கே ஹாம்பர்க் பக்கம் நாள் முழுக்க ‘மோய்ன்’ என்பார்கள். அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லலாம். ‘கூட்டென் டாக்’ எங்கேயும் தவறாகாது.

டாக்டர் கிளினிக்கின் காத்திருக்கும் அறைக்குள் நுழையும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத நோயாளிகளைப் பார்த்தும் பொதுவாக ஒரு ‘கூட்டென் டாக்’ சொல்ல வேண்டும். கிளம்பும்போது ‘அவ்ஃப் வீடர்ஸேயென்’ (போய் வருகிறேன்). நம்மவர்கள் இதைத் தெரியாமலேயே விட்டுவிடுகிறார்கள். சொல்லிப் பாருங்கள், அறையே பதில் சொல்லும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கவும். அறிமுகமில்லாதவரிடம் ‘வீ கேட் எஸ் ஈனென்?’ (எப்படி இருக்கிறீர்கள்) என்று வணக்கத்தோடு ஒட்டிக் கேட்காதீர்கள். அங்கே அது உண்மையான கேள்வி. கடைக்காரர் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பார்.

4. ஸீயா, டூவா: முடிவு எடுக்கும் முறை

நமக்கு ‘நீ’, ‘நீங்க’ பழக்கம் இருப்பதால் இது சுலபம் என்று தோன்றும். பாதி உண்மை. இரண்டின் எல்லைகளும் வேறு இடத்தில் இருக்கின்றன.

விதி எளிது: பெரியவர்களாக வளர்ந்த, அறிமுகமில்லாத எல்லோருக்கும் ஸீ. வயது, வேலை, உடை எதுவும் கணக்கில்லை. கல்லாவில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கும் ஸீ, அலுவலகத்தைச் சுத்தம் செய்பவருக்கும் ஸீ, டாக்சி ஓட்டுநருக்கும் ஸீ. வயதில் சின்னவர், வேலையில் கீழே இருப்பவர் என்று நம் வாய் தானாக ‘நீ’க்கு இறங்கும் பழக்கத்தை இங்கே முழுவதும் விட வேண்டும். ஏனென்றால் ஸீ பொதுவாக இருபக்கமும் ஓடும். மேலாளர் ஊழியரை ஸீ என்பார், ஊழியரும் மேலாளரை ஸீ என்பார். ஒருவர் மட்டும் டூ சொன்னால் அது இறக்கிப் பேசுவதாகத்தான் படும்.

மறுபக்கம், குடும்பத்துக்குள் ஸீ கிடையாது. தாத்தாவும் டூ, மாமனாரும் பெரும்பாலும் டூ, கடவுளும் டூ. குழந்தைகளுக்கு டூ, பதினாறு வயதை ஒட்டி ஸீக்கு மாறுவது வழக்கம். மாணவர்கள் தங்களுக்குள் டூ. பல்கலைக்கழகத்தில் உங்களோடு படிப்பவரை ஸீ என்றால் விலகி நிற்பதுபோல் இருக்கும். பேராசிரியருக்கு ஸீ, அவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும்.

போலீஸ்காரரிடம் டூ வேண்டவே வேண்டாம். சூழலைப் பொறுத்து அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு வழக்கு வரை போக இடமுண்டு.

சில நிறுவனங்களில், குறிப்பாக மென்பொருள் துறையில், முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் டூ. வேலை விளம்பரமே டூவில் எழுதியிருந்தால் அது ஒரு குறிப்பு. நேர்காணலில் அவர்கள் டூ சொன்னால் நீங்களும் சொல்லலாம். தெரியாதபோது ஸீயில் தொடங்குங்கள். ஸீயிலிருந்து டூவுக்கு இறங்குவது இயல்பு. டூ சொல்லிவிட்டு ஸீக்கு ஏறினால் கோபித்துக்கொண்டது போல இருக்கும்.

5. பெயர் சொல்லி அழைப்பது

ஸீ என்றால் கூடவே ‘ஹெர்’ அல்லது ‘ஃப்ராவ்’, அதற்குப் பிறகு குடும்பப் பெயர். ‘ஃப்ராவ் ஷ்மிட்’, ‘ஹெர் வேபர்’. திருமணமாகாத பெண்ணுக்கும் ஃப்ராவ்தான். ‘ஃப்ரொய்லைன்’ என்று பழைய புத்தகங்களில் பார்த்தால் அப்படியே விட்டுவிடுங்கள். இப்போது யாரையும் அப்படி அழைப்பதில்லை. ‘ஸர்’, ‘மேடம்’ இங்கே இல்லை. பெயர் தெரியாவிட்டால் விளிப்பே இல்லாமல் ‘என்ட்ஷுல்டிகுங்’ (மன்னிக்கவும்) என்று தொடங்கலாம். டாக்டரை ‘ஹெர் டோக்டோர்’, ‘ஃப்ராவ் டோக்டோர்’ என்று மட்டும் சொன்னாலும் சரி.

முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இது. நாம் வயதானவரைப் பார்த்தால் பாட்டி, தாத்தா என்போம். அது பாசம். அங்கே நோயாளியை ‘ஓமா’, ‘ஓபா’ என்றால் அவர்களைச் சிறுபிள்ளையாக்குவதாக எடுத்துக்கொள்வார்கள். நினைவு மங்கிய தொண்ணூறு வயதுப் பெண்மணிக்கும் ‘ஃப்ராவ்’ போட்டுக் குடும்பப் பெயர், ஸீ. ‘இன்னைக்கு நாம எப்படி இருக்கோம்?’ என்ற தொனியில் ‘நாம்’ சேர்த்துக் கேட்பதும் வேண்டாம். மூத்த ஊழியர்கள் சிலர் அப்படிப் பேசக் கேட்கலாம். அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

உங்கள் பெயருக்கும் ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருந்தால், ஜெர்மனியில் நீங்கள் அந்தப் பெயரால்தான் அழைக்கப்படுவீர்கள். ப்ரியா என்ற பெண் ‘ஃப்ராவ் முருகன்’ ஆவார். காத்திருக்கும் அறையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும். முதல் சில தடவை அப்பாவைக் கூப்பிடுவது போலவே இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

6. கேட்கும் வாக்கியம்: நான்கு அச்சுகள்

வழிகாட்டியின் மையம் இதுதான். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விட வேண்டியது: ‘இஷ் வில்’. பாடப்புத்தகத்தில் ‘எனக்கு வேண்டும்’ என்று பொருள் போட்டிருப்பதால் எல்லோரும் கடையில் இதையே எடுக்கிறார்கள். சொல்லும் தொனியில் அது ‘எனக்கு இதுதான் வேணும், குடு’ என்ற அடம். உங்கள் எதிர்காலத் திட்டத்தைப் பேசும்போது ‘வில்’ சரி. ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும்போது வேண்டாம்.

அச்சு ஒன்று, பொருள் கேட்க: ‘இஷ் ஹெட்டெ கெர்ன்…’ அல்லது ‘இஷ் ம்யொஷ்டெ…’. பேக்கரி, உணவகம், டிக்கெட் கவுன்ட்டர், நேரம் வாங்குவது எல்லாவற்றுக்கும் இது போதும். ‘இஷ் ஹெட்டெ கெர்ன் ஐனென் டெர்மீன்’ என்றால் ‘எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வேண்டும்’.

அச்சு இரண்டு, உதவி கேட்க: ‘க்யொன்ட்டென் ஸீ மியர் பிட்டெ ஹெல்ஃபென்?’ (எனக்குக் கொஞ்சம் உதவ முடியுமா?). ‘பிட்டெ’யின் இடத்தைக் கவனியுங்கள். ‘எனக்கு’ என்ற சொல்லுக்குப் பின்னால், வாக்கியத்தின் நடுவில் வருகிறது. தொடக்கத்தில் வைத்து ‘பிட்டெ வார்ட்டென் ஸீ’ என்றால் அறிவிப்புப் பலகைத் தொனி. தவறில்லை, ஆனால் சற்று இறுக்கம். நடுவில் வைக்கும்போது மென்மையாகிறது. ‘ஹெல்ஃபென்’ கடைசிக்குப் போவதை மறக்க வேண்டாம்.

அச்சு மூன்று, அனுமதி கேட்க: ‘டார்ஃப் இஷ்…?’, இன்னும் பணிவாக ‘ட்யுர்ஃப்டெ இஷ்…?’. ரயிலில் காலி இருக்கையைப் பார்த்ததும் உட்காராமல் ‘இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?’ (இங்கே காலியா?) என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். வழி விடச் சொல்ல ‘என்ட்ஷுல்டிகுங், டார்ஃப் இஷ் மால் ஃபோர்பை?’. இடித்துக்கொண்டு போவதைவிட இந்த ஒரு வரி எவ்வளவோ மேல்.

அச்சு நான்கு, தகவல் கேட்க: ‘க்யொன்ட்டென் ஸீ மியர் ஸாகென், வோ டேர் பான்ஹோஃப் இஸ்ட்?’ (ஸ்டேஷன் எங்கே என்று சொல்ல முடியுமா?). நேராக ‘வோ இஸ்ட் டேர் பான்ஹோஃப்?’ என்று கேட்டாலும் புரியும். முன்னால் ‘என்ட்ஷுல்டிகுங்’ சேர்த்தால் போதுமான மரியாதையும் உண்டு. சுற்றிக் கேட்கும்போது ‘தெரியாது’ என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கிறது, அதனால்தான் அது பணிவு. இதில் வரும் பிழை எப்போதும் ஒன்றே: ‘இஸ்ட்’ கடைசிக்குப் போக வேண்டும். நேர்க் கேள்வியின் வரிசையை அப்படியே உள்ளே திணித்துவிடுகிறார்கள். தமிழில் வினை கடைசியில்தான் வரும்; ஆங்கில வரிசையை மறந்துவிட்டு நம் வரிசையில் யோசித்தால் இது தானாக வரும்.

நான்குக்கும் பொதுவாக ஒரு சின்னச் சொல்: ‘மால்’. நாம் ‘கொஞ்சம் நகருங்க’ என்கிறோமே, அந்தக் ‘கொஞ்சம்’ செய்யும் வேலையை இது செய்கிறது. ‘க்யொன்ட்டென் ஸீ மால் ஷாவென்?’ என்றால் ‘கொஞ்சம் பார்க்கிறீங்களா?’. ‘ஃபிலைஷ்ட்’ (ஒருவேளை) என்பதும் இப்படியே மென்மையாக்கும். இரண்டையும் ‘பிட்டெ’யையும் ஒரே வாக்கியத்தில் குவிக்காதீர்கள். பின்னால் வரிசை நிற்கும் பேக்கரியில் நீண்ட பணிவு வாக்கியம் மற்றவர்களின் நேரத்தை எடுப்பதாகும், அதுவும் ஒருவகை மரியாதைக் குறைவே.

7. ஒரு பேக்கரி உரையாடல், வரி வரியாக

உங்கள் முறை வந்ததும் கடைக்காரர்: ‘கூட்டென் மோர்கென், வாஸ் டார்ஃப்ஸ் ஸைன்?’ (என்ன வேண்டும்?)

நீங்கள்: ‘கூட்டென் மோர்கென். இஷ் ஹெட்டெ கெர்ன் ட்ஸ்வை ப்ர்யோட்ஷென்.’ அதாவது இரண்டு சின்ன ரொட்டி. தெற்கே மியூனிக்கில் அதையே ‘ஸெம்மெல்ன்’ என்பார்கள், பெர்லினில் ‘ஷ்ரிப்பென்’. பெயர் தெரியாவிட்டால் விரலை நீட்டி ‘ட்ஸ்வை டாஃபோன், பிட்டெ’ (இதில் இரண்டு) என்றால் போதும்.

கடைக்காரர்: ‘ஸோன்ஸ்ட் நோக் எட்வாஸ்?’ (வேறு ஏதாவது?) இங்கேதான் பலர் ‘நைன்’ என்று வெட்டிவிடுகிறார்கள். ‘நைன் டாங்கெ, டாஸ் வேர்ஸ்’ (இல்லை, நன்றி, அவ்வளவுதான்) என்று சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும்போது கவனம். நோட்டை நீட்டிக்கொண்டே ‘டாங்கெ’ என்றால், உணவகத்தில் குறிப்பாக, ‘மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எடுத்துக்கொள்வார்கள். மீதி வேண்டும் என்றால் ‘பிட்டெ’ என்று சொல்லிக் கொடுங்கள், மீதியை வாங்கிய பிறகு ‘டாங்கெ’. டிப்ஸ் கொடுக்க விரும்பினால் ‘ஷ்டிம்ட் ஸோ’ (மீதி உங்களுக்கே) என்பதே சொல். பில் பதினெட்டு யூரோ சொச்சம் என்றால் ‘ட்ஸ்வான்ட்ஸிஷ், பிட்டெ’ (இருபதாக வைத்துக்கொள்ளுங்கள்) என்றும் சொல்லலாம்.

கிளம்பும்போது அவர் ‘ஷ்யோனென் டாக் நோக்’ (நல்ல நாளாக அமையட்டும்) என்பார். ‘டாங்கெ, க்ளைஷ்ஃபால்ஸ்’ (உங்களுக்கும்) என்று பதில் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

8. புரியாதபோது

‘வாஸ்?’ என்று மட்டும் கேட்டால் அது ‘என்ன?’ என்று முறைப்பது மாதிரி. ‘வீ பிட்டெ?’ என்பதே சரி. அதற்கும் புரியாவிட்டால் ‘க்யொன்ட்டென் ஸீ டாஸ் பிட்டெ வீடர்ஹோலென்?’ (திரும்பச் சொல்ல முடியுமா?), ‘க்யொன்ட்டென் ஸீ பிட்டெ எட்வாஸ் லாங்ஸாமர் ஷ்ப்ரெஷென்?’ (கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா?).

புரியாமல் தலையாட்டி ‘யா, யா’ என்பதுதான் உண்மையில் மரியாதைக் குறைவு. நாம் ஒப்புக்கொண்டோம் என்று எண்ணி அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மருத்துவமனையில் இது ஆபத்தாகவே முடியலாம். ‘இஷ் லெர்னெ நோக் டாய்ட்ஷ்’ (இன்னும் ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர் ஆங்கிலத்துக்குத் தாவினால், ‘க்யொனென் வியர் பிட்டெ டாய்ட்ஷ் ஷ்ப்ரெஷென்?’ என்று கேட்பதில் தவறே இல்லை.

9. ஆம், வேண்டாம், முடியாது

வீட்டுக்கு வந்தவருக்கு நாம் காபி நீட்டுவோம், அவர் வேண்டாம் என்பார், நாம் வற்புறுத்துவோம், மூன்றாம் முறை வாங்கிக்கொள்வார். ஜெர்மன் வீட்டில் முதல் ‘வேண்டாம்’தான் கடைசி ‘வேண்டாம்’. மரியாதைக்காக மறுத்தால் காபி வராது. வேண்டுமென்றால் முதல் முறையே ‘யா, கெர்னெ’ (ஆமாம், மகிழ்ச்சியாக) என்று சொல்லுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: கேட்டதற்கு வெறும் ‘டாங்கெ’ என்று பதில் சொன்னால் பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அழைப்பை மறுக்கும்போது ‘பார்க்கலாம்’ என்று மழுப்புவது நம் பண்பு. அங்கே ‘யா’ என்றால் உங்களுக்கும் சேர்த்துச் சமைத்துவிடுவார்கள். வர முடியாது என்று தெரிந்தால் ‘லைடர் கான் இஷ் நிஷ்ட் கொமென்’ (துரதிர்ஷ்டவசமாக வர முடியாது) என்று காரணத்தோடு முன்கூட்டியே சொல்லுங்கள். மறுப்பில் மரியாதையைச் சுமக்கும் சொல் ‘லைடர்’.

அவர்கள் உங்களிடம் ‘டாஸ் ஷ்டிம்ட் நிஷ்ட்’ (அது சரியில்லை) என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். மனம் நோக வேண்டாம். தவறைச் சுட்டுவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. நீங்கள் மறுத்துப் பேச வேண்டி வந்தால் ‘இஷ் க்ளாவ்பெ, டா இஸ்ட் ஐன் ஃபேலர்’ (இதில் ஒரு தவறு இருப்பதாக நினைக்கிறேன்) என்று தவறின் மேல் பேசுங்கள், ஆளின் மேல் அல்ல. பில்லில் கூடுதலாகப் போட்டிருந்தால் இந்த வரி போதும்.

சம்பளம், வயது, கல்யாணம் ஆகிவிட்டதா போன்ற கேள்விகளைப் புதிதாகப் பழகியவரிடம் தவிர்த்துவிடுங்கள்.

10. தொலைபேசி

முகமும் கையும் இல்லாததால் பலருக்கும் பயம் இங்கேதான். வரிசை இது: வணக்கம், பெயர், காரணம், கேள்வி. ‘கூட்டென் டாக், மைன் நாமெ இஸ்ட் ப்ரியா முருகன். இஷ் ஹெட்டெ கெர்ன் ஐனென் டெர்மீன்.’ பெயர் சொல்லாமல் பேசத் தொடங்குவது மரியாதைக் குறைவு. எதிர்முனையில் இருப்பவரும் ‘ஹலோ’வுக்குப் பதில் தன் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் பெரும்பாலும் எடுப்பார்.

உங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லத் தயாராக இருங்கள். ‘எம் வீ ம்யுன்ஷென்’ (மியூனிக்கின் எம்) என்று ஊர்ப் பெயரோடு சொல்லும் பட்டியல் 2022-இல் டின் 5009 என்ற ஜெர்மன் தரநிலையில் வந்தது. அதற்கு முந்தைய, ஆள் பெயர்களைக் கொண்ட பட்டியலையும் பலர் இன்னும் பயன்படுத்துகிறார்கள், இரண்டுமே புரியும். எழுதி மேசையில் ஒட்டிவைத்துவிட்டு எண்ணை அழுத்துங்கள்.

நேரத்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். ‘ஹால்ப் ட்ரை’ என்றால் இரண்டரை, மூன்றரை அல்ல. முடிக்கும்போது ‘பார்ப்போம்’ என்ற பொருள் வரும் ‘வீடர்ஸேயென்’ பொருந்தாது. போனில் ‘அவ்ஃப் வீடர்ஹ்யோரென்’.

11. மின்னஞ்சல்

பெயர் தெரியாத அலுவலகத்துக்கு: ‘ஸேர் கெஏர்ட்டெ டாமென் உன்ட் ஹெரென்’. பெயர் தெரிந்தால் பெண்ணுக்கு ‘ஸேர் கெஏர்ட்டெ ஃப்ராவ்…’, ஆணுக்கு ‘ஸேர் கெஏர்ட்டர் ஹெர்…’. கடைசி ‘ர்’ விடுபட்டால் உறுத்தும். அதன் பின் காற்புள்ளி, அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும், முதல் சொல் பெயர்ச்சொல்லாகவோ ஸீயாகவோ இல்லாதவரை. முடிவில் ‘மிட் ஃப்ராய்ன்ட்லிஷென் க்ர்யூஸென்’, அதற்குப் பின்னால் காற்புள்ளி கிடையாது. இதைச் சுருக்கி மூன்றெழுத்தாக எழுதுவது அலட்சியமாகப் படும்.

மரியாதைப் பொருளில் வரும் ஸீ, ஈனென், ஈர் மூன்றையும் எப்போதும் பெரிய எழுத்தில் தொடங்குங்கள். சிறிய எழுத்தில் போட்டால் ‘அவர்கள்’ ஆகிவிடும்.

நம் ஊர் ஆங்கிலக் கடிதப் பழக்கத்தில் நலம் விசாரித்து, வணங்கி, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவோம். ஜெர்மன் அலுவலர் முதல் இரண்டு வரியில் விஷயத்தைத் தேடுவார். எதற்காக எழுதுகிறீர்கள், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். அவர் நேரத்தை மதிப்பதுதான் அங்கே வணக்கம். முடிவில் ‘யூபர் ஐனெ ர்யுக்மெல்டுங் வ்யுர்டெ இஷ் மிஷ் ஃப்ராயென்’ (பதில் கிடைத்தால் மகிழ்வேன்) என்ற வரி எல்லாக் கடிதத்துக்கும் பொருந்தும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு: கோதே நிறுவனம் நடத்தும் பி1 (இடைநிலை) தேர்வின் எழுத்துத் தாளின் மூன்றாம் பகுதி சுமார் 40 சொற்களில் மரியாதை நடையில் எழுதும் சின்னக் கடிதம். முதல் பகுதி நண்பருக்கு. முதல் பகுதியின் டூ வேகத்திலேயே மூன்றாவதையும் எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். மூன்றாம் பகுதியை எழுதி முடித்ததும் ‘டூ, டியர், டைன்’ மூன்றும் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை தேடுங்கள்.

12. வேலையிடத்தில்: ஒரு காலை, பிறகு டூவுக்கு மாறுதல்

நோயாளியின் அறை. கதவைத் தட்டுங்கள், ஒரு கணம் நில்லுங்கள், உள்ளே போங்கள். ‘கூட்டென் மோர்கென், ஃப்ராவ் ஷ்மிட்.’ அப்புறம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்: ‘இஷ் வ்யுர்டெ யெட்ஸ்ட் கெர்ன் ஈரென் ப்ளூட்ட்ருக் மெஸென். இஸ்ட் டாஸ் இன் ஓர்ட்னுங்?’ (இப்போது உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்க்க விரும்புகிறேன், சரியா?). அவர் தலையசைக்கும் வரை கையைத் தொடாதீர்கள். சட்டையின் கையை மேலே இழுக்கச் சொல்ல, அச்சு இரண்டு. முடிந்ததும் அளவைச் சொல்லி, ‘டாங்கெ’.

சக ஊழியர்கள் விஷயம் வேறு. சில வாரங்களில் ஒருவர் ‘வோலென் வியர் உன்ஸ் டூட்ஸென்?’ (டூ என்று பேசிக்கொள்ளலாமா?) என்று கேட்பார். அல்லது கையை நீட்டித் தன் முதல் பெயரை மட்டும் சொல்வார். மரபுப்படி வயதில் மூத்தவரோ பதவியில் மேலே இருப்பவரோதான் இதை முன்வைக்க வேண்டும். நீங்கள் புதியவர் என்றால் காத்திருங்கள்.

கேட்டால் ‘கெர்னெ’ என்று சொல்லி உங்கள் பெயரைச் சொல்லுங்கள். வயதுக்கு மரியாதை என்று நினைத்து அவரைத் தொடர்ந்து ஸீ என்று அழைத்தால், நீட்டிய கையைத் தட்டிவிட்டதாக அவர் நினைப்பார். ஐம்பது வயதுக்காரரை நம் வாய் ‘நீ’ என்று சொல்லத் தயங்கத்தான் செய்யும். முதல் பெயரோடு சேர்த்து வினையைச் சத்தமாகச் சொல்லிப் பழகினால் தயக்கம் குறையும்: ‘க்யொன்ட்டெஸ்ட் டூ மியர் பிட்டெ ஹெல்ஃபென்?’. டூவுக்கு மாறினாலும் அந்தப் பணிவான வினையும் நடுவில் நிற்கும் ‘பிட்டெ’யும் அப்படியே இருக்கட்டும்.

அவர் ஒருவர் டூ சொன்னதால் அவருடைய மேலாளருக்கும் டூ ஆகிவிடாது. டூ ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது. யாரோடு எதில் இருக்கிறீர்கள் என்று முதல் மாதம் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால், அடுத்த முறை அவர் உங்களை எப்படி அழைக்கிறார் என்று கேட்டுவிட்டு அதே வடிவத்தில் பதில் சொல்லுங்கள்.